பிரித்தானியாவில் மதமும் நம்பிக்கையும்: சட்டம் எதுவரை துணை வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொட்டை அழித்துவிட்டு வரச் சொல்லும் சூப்பர்வைசர், தீபாவளிக்கு ஒரு நாள் விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்கும் மேலாளர், 'முஸ்லிம்களுக்கு வீடு இல்லை' என்று கூசாமல் சொல்லும் வீட்டுக்காரர். பிரித்தானியாவில் வாழும் தமிழர்கள் இவர்களைப் பற்றி வீட்டுக்குள் நிறையப் பேசுகிறார்கள். வெளியே வாய் திறப்பது குறைவு. வேலை போய்விடுமோ, விசாவுக்குச் சிக்கல் வருமோ என்ற பயம் ஒரு காரணம். சட்டம் தம் பக்கம் எவ்வளவு தூரம் வரும் என்று தெரியாதது இன்னொரு காரணம். இரண்டாவதையாவது இங்கே தீர்க்கப் பார்க்கலாம். கீழே உள்ளவை பெரும்பாலும் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் பொதுவானவை. மாறுபடும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

எந்தச் சட்டம் நம்மைக் காக்கிறது?

இரண்டு சட்டங்கள். ஒன்று, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம். வயது, மாற்றுத்திறன், இனம், பால் என்று அது காக்கும் 9 இயல்புகளில் 'மதம் அல்லது நம்பிக்கை' ஒன்று. வேலையிடம், கடை, மருத்துவமனை, பள்ளி, வாடகை வீடு, கவுன்சில் அலுவலகம் என எல்லா இடத்திலும் இது செல்லும். முதலாளி தனியாரா அரசா என்று பார்க்காது.

மற்றொன்று, 1998ஆம் ஆண்டின் மனித உரிமைகள் சட்டம். ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கையின் உரிமைகளை உள்நாட்டு நீதிமன்றங்களிலேயே கேட்டுப் பெற வழிசெய்தது இதுதான்; 2000 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ளது. அந்த உடன்படிக்கையின் 9ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைக் காக்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் நேரடியாக வழக்குத் தொடுக்கக்கூடியது காவல்துறை, கவுன்சில், அரசுப் பள்ளி, என்.எச்.எஸ். போன்ற பொது அமைப்புகள் மீதுதான். ஆனால் தனியார் நிறுவனத்துக்கு எதிரான சமத்துவ வழக்கிலும் நீதிபதி சட்டத்தை 9ஆம் உறுப்புரைக்கு இசையவே பொருள்கொள்ள வேண்டும். ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும்.

'நம்பிக்கை' என்றால் கடவுள் நம்பிக்கை மட்டுமா? நான் சாமி கும்பிடாதவன்.

உங்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. மதம் இல்லாததையும் நம்பிக்கை இல்லாததையும் சட்டம் பெயர்சொல்லியே சேர்த்திருக்கிறது. திருநீறு பூசியவரைக் கேலி செய்வது எப்படித் தவறோ, அலுவலகப் பூஜைக்கு வராத பகுத்தறிவாளரை அதற்காகவே ஒதுக்குவதும் அப்படியே தவறு. தமிழர் நடத்தும் கடைகளிலும் நிறுவனங்களிலும் இது மறக்கப்படுகிறது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: வேறுபடுத்தியவரும் அதே மதத்தவர் என்பது தப்பிக்கும் வழியாகாது.

மதம் சாராத தத்துவ நம்பிக்கைக்கு அளவுகோல் 2009இல் வந்தது. டிம் நிக்கல்சன் என்பவர், மனிதச் செயலால் பருவநிலை மாறுகிறது என்ற தன் உறுதியான நம்பிக்கை காரணமாகவே கிரெய்ஞ்சர் என்ற சொத்து நிறுவனம் தன்னை வேலையிலிருந்து நீக்கியது என்று வழக்குத் தொடுத்தார். அதில் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஐந்து சோதனைகளை வகுத்தது. நம்பிக்கை உண்மையாகக் கொண்டதாக இருக்க வேண்டும். கிடைத்த தகவலை வைத்து உருவான வெறும் கருத்தாக இருக்கக் கூடாது. மனித வாழ்வின் முக்கியமான பகுதியைத் தொட வேண்டும். தெளிவும் தீவிரமும் ஒத்திசைவும் வேண்டும். ஜனநாயகச் சமூகத்தில் மதிப்புக்குரியதாக, பிறர் மானத்தையும் உரிமையையும் அழிக்காததாக இருக்க வேண்டும்.

விலங்குப் பொருள் எதையும் தொடாத அறம்சார் வீகன் வாழ்வு இந்தச் சோதனையில் 2020இல் தேறியது. வெறும் மரக்கறி உணவுப் பழக்கம் 2019இல் தேறவில்லை. ரேஞ்சர்ஸ் கால்பந்து அணிமீது கொண்ட பற்றைக் கிளாஸ்கோ தீர்ப்பாயம் 2022இல் ஏற்கவில்லை. இவை கீழ்நிலைத் தீர்ப்பாயங்களின் முடிவுகள். அடுத்த வழக்கைக் கட்டுப்படுத்தாது. சைவ சமய ஒழுக்கத்தின் பகுதியாகப் புலால் மறுப்பவர் அந்த மரக்கறி வழக்கைப் பார்த்துச் சோர வேண்டியதில்லை. அவர் தத்துவ நம்பிக்கை என்று நிறுவத் தேவையே இல்லை, மதம் என்ற வாசல் வழியாகவே வருகிறார்.

மதத்தைக் கடைப்பிடிக்க எனக்கு முழு உரிமை உண்டு என்கிறார்கள். பிறகு ஏன் வழக்குகள் தோற்கின்றன?

9ஆம் உறுப்புரைக்கு இரண்டு பகுதிகள் இருக்கின்றன என்பதை விட்டுவிடுவதால்தான் இந்தக் குழப்பம். மனதில் ஒரு நம்பிக்கையைக் கொள்வதும் அதை மாற்றிக்கொள்வதும் முழு உரிமை. எந்த அரசும், எந்தக் காரணத்துக்காகவும் அதில் கைவைக்க முடியாது. அந்த நம்பிக்கையை வெளிக்காட்டுவது, அதாவது வழிபடுவது, உடுத்துவது, விரதமிருப்பது, கற்பிப்பது, எல்லைக்குட்பட்ட உரிமை. பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, உடல்நலம், ஒழுக்கநெறி, பிறர் உரிமை ஆகியவற்றுக்காக அதைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் கட்டுப்பாடு சட்டத்தில் இருக்க வேண்டும், உண்மையில் தேவைப்பட வேண்டும், தேவைக்கு மிஞ்சக் கூடாது.

தமிழர்களுக்கு மிக அருகில் நடந்த ஒரு வழக்கைச் சொன்னால் இது விளங்கும். வேல்ஸின் கார்மார்தன்ஷயரில் ஸ்கந்தா வேல் என்ற ஆசிரமம் இருக்கிறது. இலங்கையில் பிறந்த குரு சுப்பிரமணியம் 1970களில் நிறுவியது. முருகனுக்கும் மகாசக்திக்கும் ரங்கநாதருக்கும் அங்கே கோயில்கள் உண்டு. 2007இல் அங்கு வளர்ந்த ஷம்போ என்ற காளைக்கு வழக்கமான பரிசோதனையில் மாட்டுக் காசநோய் இருப்பதாகக் காட்டியது. கொல்ல வேண்டும் என்றது வேல்ஸ் அரசு. 'உயிர்க்கொலை எங்கள் வழிபாட்டையே அழிக்கும். தனியே பிரித்து வைத்துக் காப்போம்' என்றது ஆசிரமம்.

ஜூலை 16 அன்று உயர் நீதிமன்றம் ஆசிரமத்தின் பக்கம் தீர்ப்பளித்தது: அரசு மத உரிமையை உரியவாறு எடைபோடாமல் ஆணையிட்டுவிட்டது. ஒரு வாரத்தில், ஜூலை 23 அன்று, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. நோய்ப் பரவலைத் தடுப்பது போதுமான காரணம் என்றது. ஜூலை 26 அன்று ஷம்போ கொல்லப்பட்டது. அன்று காலை தொடங்கிய பூஜையும் பாடலும் நடந்துகொண்டிருக்கும்போதே அதிகாரிகள் ஆசிரமத்துக்குள் சென்று காளையை ஏற்றிச் சென்றார்கள்.

அந்த முடிவு எனக்கு இன்றும் மனதுக்கு ஒப்பவில்லை. ஆனால் வழக்கு நடந்த விதத்தைக் கவனியுங்கள். 'காளையில் என்ன புனிதம்?' என்பதில் வழக்கு நிற்கவில்லை. துறவிகளின் நம்பிக்கை உண்மையானது, கொல்வது அவர்கள் உரிமையில் கைவைப்பது என்பதை ஏற்றுக்கொண்ட பிறகே, உடல்நலக் காரணம் அதற்கு ஈடாகுமா என்று நீதிமன்றங்கள் பார்த்தன. நம் வழக்குகள் வெல்வதும் தோற்பதும் அநேகமாக இந்த இரண்டாம் படியில்தான். 'என் மதம் உயர்ந்தது' என்று நிறுவ முயன்று நேரத்தை வீணாக்குவதைவிட, 'இந்தத் தடை தேவைக்கு மிஞ்சியது, வேறு வழி இருக்கிறது' என்று காட்டுவதே கைகொடுக்கும்.

பொட்டு, திருநீறு, தாலி, ருத்திராட்சம். வேலையில் கழற்றச் சொல்லலாமா?

காரணத்தைப் பொறுத்தது. இதற்குப் பதில் 2013 ஜனவரி 15 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் ஒரே நாளில் தந்த இரண்டு முடிவுகளில் இருக்கிறது.

நாடியா எவெய்டா பிரிட்டிஷ் ஏர்வேஸில் செக்-இன் பணியாளர். சீருடைக்கு வெளியே தெரியும்படி சிறு சிலுவை அணிந்ததால் 2006 செப்டம்பரில் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். நிறுவனம் விதியை மாற்றிக்கொண்ட பிறகு 2007 பிப்ரவரியில் திரும்பினார். இழந்த சம்பளத்துக்காகப் பிரித்தானிய நீதிமன்றங்களில் படிப்படியாகத் தோற்றார், ஸ்ட்ராஸ்பூர்க்கில் வென்றார். நிறுவனத்தின் தோற்றப்பொலிவு என்ற நோக்கத்துக்கு உள்நாட்டு நீதிமன்றங்கள் அளவுக்கு மீறி எடை கொடுத்துவிட்டன என்றது அந்தத் தீர்ப்பு. ஏற்கெனவே தலைப்பாகையும் ஹிஜாபும் அனுமதிக்கப்பட்ட இடத்தில் ஒரு சிறு சிலுவை என்ன கெடுதல் செய்துவிடும்?

ஷெர்லி சாப்ளின் எக்ஸெட்டரில் முதியோர் வார்டுத் தாதி. அவர் அணிந்ததும் சிலுவைச் சங்கிலிதான். நோயாளி பிடித்து இழுக்கலாம், காயம் ஏற்படலாம், தொற்று வரலாம் என்றது மருத்துவமனை. ஊசிப் பதக்கமாகக் குத்திக்கொள்ளலாம் என்று மாற்றுவழியும் சொன்னது. அவர் தோற்றார்.

ஆகவே கடைக் கல்லாவில் நிற்பவரிடம் 'வாடிக்கையாளருக்குப் பிடிக்காது' என்று திருநீற்றை அழிக்கச் சொல்வது பலவீனமான காரணம். அறுவைச் சிகிச்சை அறையில் தாலிக்கொடியை வெளியே தொங்கவிடாதே என்பது வலுவான காரணம். இடையில் இருப்பவற்றில் மாற்றுவழி பேசப்பட்டதா என்பதே கேள்வி: உள்ளே மறைத்து அணியலாமா, சிறியதாக வைக்கலாமா, வேலை நேரத்தில் மட்டும் கழற்றலாமா?

எவெய்டா தீர்ப்பில் நமக்கு இன்னொரு பெரிய பயன் உண்டு. மதம் அதைக் கட்டாயமாக விதித்திருக்கிறது என்று நிறுவத் தேவையில்லை. நம்பிக்கையோடு நெருங்கிய தொடர்பு இருந்தால் போதும் என்றது நீதிமன்றம். 'பொட்டு கட்டாயமா? எந்த நூலில் எழுதியிருக்கிறது?' என்று மேலாளர் கேட்டால், அந்தக் கேள்விக்கே இடமில்லை என்று மரியாதையாகச் சொல்லலாம்.

பாகுபாடு என்று சட்டம் எதையெல்லாம் சொல்கிறது?

நான்கு வடிவங்கள். இந்து என்பதால் வேலை தராதது நேரடிப் பாகுபாடு. இதற்கு 'நியாயமான காரணம் இருந்தது' என்ற வாதம் செல்லாது. எல்லோருக்கும் ஒரே விதி, ஆனால் ஒரு மதத்தவரை மட்டும் அதிகம் அழுத்துகிறது என்றால் அது மறைமுகப் பாகுபாடு. உரிய நோக்கத்துக்கு அளவான வழி அது என்று முதலாளி நிறுவினால் தப்பலாம். லண்டனில் ஒரு சிகையலங்காரக் கடை, ஊழியரின் முடி வெளியே தெரிய வேண்டும் என்று சொல்லி முக்காடு அணிந்த முஸ்லிம் பெண்ணுக்கு வேலை மறுத்தது. 2008இல் தீர்ப்பாயம் அவருக்கு மனவேதனைக்காக 4,000 பவுண்டு வழங்கியது. நேரடிப் பாகுபாடு நிரூபணமாகவில்லை, மறைமுகப் பாகுபாடு நிரூபணமானது. முடியைக் காட்டாவிட்டால் வியாபாரம் எவ்வளவு கெடும் என்பதற்குக் கடையிடம் ஆதாரம் இல்லை.

மூன்றாவது, தொல்லைப்படுத்தல். மானத்தைக் குலைக்கும், வேலையிடத்தைப் பகைக்களமாக்கும் பேச்சும் செயலும் இதில் அடங்கும். 'உங்கள் யானைமுகச் சாமி' என்று தினமும் நையாண்டி செய்துவிட்டு 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்பது விலக்காகாது. நான்காவது, பழிவாங்கல்: புகார் கொடுத்ததற்காக, அல்லது இன்னொருவருக்குச் சாட்சி சொன்னதற்காக, ஷிஃப்டைக் குறைப்பது போன்றவை. சக ஊழியருக்காக வாய் திறக்கத் தயங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாடி வைத்த சைவ இளைஞரை முஸ்லிம் என்று நினைத்து அவமதித்தாலும் அது மதப் பாகுபாடுதான். 'நான் முஸ்லிம் இல்லை' என்று விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். நினைப்பு தவறு என்பதால் குற்றம் குறையாது. முஸ்லிம் கணவர் அல்லது கிறிஸ்தவ நண்பர் இருப்பதற்காக நடத்தப்படும் விதத்துக்கும் இது பொருந்தும்.

தீபாவளிக்கும் கந்தசஷ்டிக்கும் விடுப்பு என் உரிமையா?

தானாகக் கிடைக்கும் உரிமை இல்லை. ஆண்டு விடுப்பிலிருந்து கேட்கலாம். காரணமின்றியோ வேண்டுமென்றோ மறுத்தால் மறைமுகப் பாகுபாடு ஆகக்கூடும். வழக்குகள் இங்கே முதலாளி பக்கமே அதிகம் சாய்ந்திருக்கின்றன. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பணியிடத்தை விட்டுச் செல்ல விரும்பிய ஒரு பாதுகாவலர் 2011இல் தோற்றார். பணியிடத்தில் ஆள் குறையக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தது, வார இறுதி வேலை மாற்றாகத் தரப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலையை மறுத்த சிறுவர் இல்லப் பணியாளர் 2013இல் தோற்றார். ஆனால் அந்த வழக்கில் நீதிபதிகள் ஒரு நல்ல வாசலைத் திறந்தார்கள்: உன் மதத்தவர் எத்தனை பேர் இப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்று எண்ணி உன் நம்பிக்கையின் எடையைக் குறைக்கக் கூடாது.

ஊர்த் திருவிழாவுக்காகத் தொடர்ந்து ஐந்து வாரம் கேட்பவர்கள் 2016இல் முடிந்த இன்னொரு வழக்கைப் படிக்க வேண்டும். லண்டன் பாதாள ரயில் ஊழியர் ஒருவர், ஆகஸ்டில் இத்தாலியின் சார்டீனியாத் தீவில் நடக்கும் புனிதர் விழாக்களுக்காக ஐந்து வாரம் வேண்டும் என்றார். அவர் எல்லா விழாக்களுக்கும் போவதில்லை, குடும்பத்தோடு இருப்பதே முதன்மைக் காரணம் என்று தீர்ப்பாயம் கண்டது. தோற்றார். மதக் காரணத்தையும் குடும்பக் காரணத்தையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் கெடும்.

விடுப்புக் கேட்கும் விதம்தான் பாதி வேலை. 'எங்கள் சாமி கும்பிடும் நாள், வரமாட்டேன்' என்று முதல் நாள் இரவு குறுஞ்செய்தி அனுப்பினால் நீதிபதிகூட முதலாளிக்கு இரங்குவார். ஆறு வாரம் முன்பே மின்னஞ்சலில் இப்படி எழுதிப் பாருங்கள்: 'கந்தசஷ்டியின் ஆறாம் நாள் என் விரதம் நிறைவடைகிறது. அன்று மாலை 4 மணிக்குப் பிறகு கோயிலில் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஞாயிறு காலை ஷிஃப்டை எடுத்துக்கொள்கிறேன். இயலாது என்றால் காரணத்தை எழுத்தில் தெரிவியுங்கள்.' நாள், தேவை, மாற்று, காரணம் கேட்டல் எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. மறுப்பவர் அதன் பிறகு யோசித்தே மறுப்பார்.

பிள்ளையின் பள்ளியில்?

இங்கிலாந்தில் மதக் கல்வியிலிருந்தும் கூட்டு வழிபாட்டிலிருந்தும் பிள்ளையை விலக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. வேல்ஸின் புதிய பாடத்திட்டத்தில் மதக் கல்விக்கு இந்த விலக்கு இல்லை. பெற்றோரின் மத அமைப்பு வழிபாட்டுக்கென்றே ஒதுக்கிய நாளில் பிள்ளை வராதது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றமாகாது. முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் ஒட்டவைக்கும் சுற்றுலா நாட்களுக்கு இது துணை நிற்காது.

சீருடையில் இரண்டு பக்கமும் தீர்ப்புகள் உண்டு. 2008இல் வேல்ஸின் அபர்டேர் பள்ளியில் சீக்கிய மாணவி ஒருவர் காரா என்ற இரும்பு வளையலை அணிய உயர் நீதிமன்றம் அனுமதித்தது. லூட்டனில் நீண்ட ஜில்பாப் அங்கி கேட்ட மாணவி 2006இல், அன்று இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவையில் தோற்றார். பள்ளி ஏற்கெனவே சல்வார் கமீஸை அனுமதித்திருந்தது. 2024 ஏப்ரலில் லண்டன் மிக்கேலா பள்ளியின் தொழுகைத் தடையை உயர் நீதிமன்றம் ஏற்றது. அந்தக் கட்டுப்பாட்டை அறிந்தே மாணவி அங்கு சேர்ந்தார் என்பதும் ஒரு காரணம். சேர்க்கும் முன் பள்ளியின் விதிகளை வாசித்துவிடுங்கள்.

கத்தோலிக்கப் பள்ளி போன்றவை இடத்துக்கு மிஞ்சி விண்ணப்பம் வந்தால் தம் மதத்தவருக்கு முன்னுரிமை தரலாம். சேர்ந்த பிள்ளையை மதத்தைக் காரணம் காட்டி நீக்கவோ கெடுதல் செய்யவோ முடியாது.

வேலையிடத்தில் என் மதத்தைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம், திணிக்க முடியாது. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த நோயாளிகளிடம் மதம் பேசிய தாதியை நீக்கியது நியாயமே என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வேலைக்கு வெளியே சமூக ஊடகத்தில் எழுதுவது வேறு. பள்ளிகளின் பாலினப் பாடங்களைக் கண்டித்து ஃபேஸ்புக்கில் பதிவிட்ட கிறிஸ்டி ஹிக்ஸ் என்ற பள்ளி ஊழியரை நீக்கியது அளவுக்கு மீறியது என்று அதே நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பிறருக்குக் கசக்கும் கருத்து என்பதற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்க முடியாது. எப்படிச் சொன்னார், வேலையைப் பாதித்ததா என்று பார்ப்பார்கள்.

என் மதத்துக்கு ஒவ்வாத வேலையை மறுக்கலாமா?

இன்னொருவரின் உரிமையை மறுக்கும் வேலையாக அது மாறினால், பொதுவாக முடியாது. இஸ்லிங்டனில் ஒருபால் இணைப்புகளைப் பதிவு செய்ய மறுத்த பதிவாளர் தோற்றார். கார்ன்வாலில் ஒருபால் இணையருக்கு இரட்டை அறை மறுத்த கிறிஸ்தவ விடுதி உரிமையாளர்கள் 2013இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். நம்மை ஒரு விடுதி வாசலில் மதத்துக்காகத் திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இந்தக் கோட்டை ஏன் அங்கே போட்டார்கள் என்று புரியும்.

கோயில் நிர்வாகம் இந்துக்களை மட்டும் வேலைக்கு எடுக்கலாமா?

அர்ச்சகருக்கு, ஆம், அந்த வேலையே மதத்தைக் கேட்கிறது. கணக்காளருக்கும் துப்புரவாளருக்கும் அப்படிச் சொல்வது கடினம். வழிபாட்டிலும் உறுப்பினர் சேர்க்கையிலும் மத அமைப்புகளுக்குத் தனி விலக்குகள் உண்டு. இனத்தை வைத்து ஒதுக்க அவை இடம் தருவதில்லை.

'இந்துக்களுக்கு மட்டும் அறை வாடகைக்கு' என்று விளம்பரம் செய்யலாமா?

தனி வீட்டுக்குக் கூடாது. நீங்களே குடியிருந்து சமையலறையைப் பகிரும் சிறிய வீட்டில் மதம் குறித்து ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் 'தமிழருக்கு மட்டும்' என்றால் அது இனம். பகிரும் வீட்டிலும் விலக்கு இல்லை. நம் கடைகளின் கண்ணாடியில் இத்தகைய சீட்டுகள் ஒட்டப்பட்டிருப்பதைப் பார்க்க மனம் பதைக்கிறது. வீடு கிடைக்காமல் நாம் அலைந்த காலம் அவ்வளவு தூரத்தில் இல்லை.

சாதியை வைத்து ஒதுக்கினால்?

சட்டத்தில் சாதி பெயர்சொல்லி இல்லை. அரசு சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் விதித்தது. 2018இல் அரசு பின்வாங்கி, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. அந்தத் தீர்ப்புகளில் முதன்மையானது, இந்தியாவின் பீகாரிலிருந்து வீட்டுவேலைக்கு அழைத்துவரப்பட்ட பழங்குடிப் பெண் திர்க்கியின் வழக்கு. பல சூழல்களில் சாதி, இனம் என்ற இயல்புக்குள் அடங்கும் என்று 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. 2015இல் அவருக்கு நிலுவை ஊதியமாக மட்டும் 183,773 பவுண்டு கிடைத்தது. சாதிக்கொடுமைக்கு ஆளான ஒருவர் இங்கே இனம், மதம் இரண்டின் கீழும் வழக்கை வைப்பது நல்லது. பெயர்சொல்லிச் சட்டத்தில் எழுதாமல் விட்டது தவறு என்பதே என் கருத்து. பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு முறையும் தன் வலிக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது.

என் தெய்வத்தைக் கேலி செய்பவரைத் தண்டிக்க முடியுமா?

கேலிக்காக மட்டும் முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தெய்வநிந்தைக் குற்றம் 2008இல் நீக்கப்பட்டது. சட்டம் காப்பது மனிதரை. மத வெறுப்பைத் தூண்டும் நோக்கோடு அச்சுறுத்தும் சொற்களைப் பயன்படுத்துவது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மதப் பகையோடு செய்த தாக்குதலுக்கும் சேதத்துக்கும் தண்டனை கூடும். கோயில் கண்ணாடியை உடைத்தால் காவல்துறையிடம் 'மத வெறுப்புக் குற்றமாகப் பதியுங்கள்' என்றே கேளுங்கள்.

இறுதிச் சடங்கைத் திறந்தவெளிச் சிதையில் செய்யலாமா?

நியூகாசிலைச் சேர்ந்த தேவேந்தர் காய் இதற்காகப் போராடினார். 2010 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், 1902ஆம் ஆண்டுத் தகனச் சட்டம் சொல்லும் 'கட்டடம்' என்பதற்குள் திறந்த கூரையுள்ள அமைப்பும் அடங்கலாம் என்று அவருக்குச் சாதகமாகத் தீர்த்தது. திட்ட அனுமதி உள்ளிட்டவை தனியே வேண்டும். வயல்வெளியில் சிதை மூட்டலாம் என்று இதற்குப் பொருளில்லை.

புகார் செய்ய எவ்வளவு காலம் இருக்கிறது?

இதில்தான் நல்ல வழக்குகள் சாகின்றன. வேலை தொடர்பானதற்கு இதுவரையிலான விதி 3 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு: மார்ச் 10இல் நடந்தால் ஜூன் 9க்குள். இதை 6 மாதமாக நீட்டும் மாற்றம் நடந்துவருகிறது. உங்கள் வழக்குக்கு அது பொருந்துமா என்று உறுதியாகும்வரை பழைய கெடுவையே கணக்கில் வையுங்கள். தீர்ப்பாயத்துக்குப் போகும் முன் அக்காஸ் என்ற சமரச அமைப்பிடம் பதிய வேண்டும். பதிந்தால் கடிகாரம் நிற்கும். நிறுவனத்தின் உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் நிற்காது.

கடை, சேவை, வாடகை தொடர்பானதற்குக் கவுண்டி நீதிமன்றம், ஸ்காட்லாந்தில் ஷெரீப் நீதிமன்றம். 6 மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. பொது அமைப்புமீது மனித உரிமைகள் சட்டத்தின் கீழ் என்றால் ஓர் ஆண்டு.

வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் இல்லை. இத்தனை ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பாகுபாட்டு வழக்குக்கு இல்லை. நேர்முகத் தேர்வுக்கு வந்தவரும் தொடுக்கலாம். நட்டஈட்டுக்கு உச்சவரம்பு இல்லை.

என்னிடம் சாட்சி இல்லையே?

பாகுபாடு நடந்ததென்று நினைக்கத்தக்க உண்மைகளை நீங்கள் காட்டினால் போதும். 'மதம் காரணமல்ல' என்று நிறுவும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு மாறிவிடும். அதற்கு அன்றன்றைக்கு எழுதிவைத்த குறிப்பு பெருந்துணை: தேதி, நேரம், இடம், சொல்லப்பட்ட வார்த்தை அப்படியே, அருகில் நின்றவர் யார். அதே தவறுக்கு வேறு மதத்தவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதையும் குறியுங்கள். ஷிஃப்ட் பட்டியலைப் படம் எடுத்து வையுங்கள். வாய்மொழியாக மேலாளர் சொன்னதை அன்றே 'இன்று நீங்கள் சொன்னது இதுதானே?' என்று மின்னஞ்சலில் உறுதிப்படுத்துங்கள்.

இலவச ஆலோசனைக்குச் சமத்துவ ஆலோசனை, ஆதரவுச் சேவையின் தொலைபேசி வழி உண்டு; சிட்டிசன்ஸ் அட்வைஸும் தொழிற்சங்கமும் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

நான் பெல்ஃபாஸ்டில் இருக்கிறேன். இவை எனக்கும் பொருந்துமா?

மனித உரிமைகள் சட்டம் பொருந்தும். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பொருந்தாது. வட அயர்லாந்தில் 1998ஆம் ஆண்டின் நியாய வேலைவாய்ப்பு ஆணை தனியே இருக்கிறது. அது மத நம்பிக்கையோடு அரசியல் கருத்தையும் காக்கிறது. அங்குள்ளவர்கள் வட அயர்லாந்துச் சமத்துவ ஆணையத்தை அணுக வேண்டும்.